கணிதத்தில் தேறாத முதலிட மாணவர்: ஷூல்ஃபோர்ட்டா, 1858–1864

ஆய்வின் எல்லை

திறன்மிக்க பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்துக் கற்பிக்கும் பள்ளியில், சில பாடங்களில் ஆசிரியரே வியக்கும்படியும் வேறொன்றில் தேறவே முடியாதபடியும் இருக்கும் ஒரு மாணவரை என்ன செய்வது என்ற கேள்வி ஓர் ஆண்டேனும் எழாமல் போவதில்லை. ஜெர்மனியின் பழமையான தங்கிப் பயிலும் பள்ளிகளுள் ஒன்றான ஷூல்ஃபோர்ட்டாவில் 1864ஆம் ஆண்டு இக்கேள்வி ஒரு தேர்வுக் குழுவின் முன் வந்து நின்றது. அம்மாணவர் 1858 அக்டோபரில் சேர்ந்த நாள் முதல் 1864 செப்டம்பரில் வெளியேறிய நாள் வரையிலான ஆறு ஆண்டுகளை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

மாணவரையும் அவருடைய ஆசிரியர்களையும் பெயர் சொல்லாமல் விட்டிருப்பது வேண்டுமென்றே. அந்த மாணவர் பின்னாளில் பெரும்புகழ் அடைந்தார். அந்தப் புகழை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், அவருக்குச் சாதகமாகப் பேசியவர்கள் எல்லாரும் தீர்க்கதரிசிகளாகவும் எதிர்த்தவர்கள் எல்லாரும் குறுகிய மனத்தினராகவும் தோன்றிவிடுவார்கள். 1864இல் அந்த அறையில் இருந்த எவருக்கும் பின்னால் நடக்கப்போவது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருந்தவற்றை மட்டும் கொண்டு அவர்களுடைய முடிவுகளை எடைபோட முயன்றிருக்கிறேன். யாரென்று கண்டுகொள்ளும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் அதைச் சற்று நேரம் மறந்துவிட்டுப் படிப்பது நல்லது.

பின்னணி: பள்ளி

ஷூல்ஃபோர்ட்டா, ஸாலே ஆற்றங்கரையில், நவும்பர்க் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையினர் அமைத்த மடம் அது. லூத்தரின் கிறித்தவ சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் 1540இல் மடம் கலைக்கப்பட்டது. அதன் நிலங்களும் வருவாயும் அரசின் கைக்கு வந்தபோது, அவற்றை வீணாக்காமல் கல்விக்குத் திருப்பிவிட வேண்டும் என்று முடிவெடுத்த சாக்சனியின் ஆட்சியாளர் மோரிட்ஸ், 1543இல் இங்கும் மைசனிலும் அரசுப் பள்ளிகளை நிறுவினார். மூன்றாவது பள்ளி சில ஆண்டுகள் கழித்துக் கிரிம்மாவில் அமைந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளியாக இது திட்டமிடப்படவில்லை. நாட்டுக்குப் போதகர்களும் அலுவலர்களும் அறிஞர்களும் தேவைப்பட்டார்கள். அவர்களை எந்தக் குடும்பத்திலிருந்தும் பொறுக்கி எடுத்து, ஆறு ஆண்டுகள் உணவும் உறைவிடமும் தந்து உருவாக்குவதே நோக்கம். மடத்து நிலங்களின் வருமானம் அந்தச் செலவைத் தாங்கியது.

1815இல் இப்பகுதி பிரஷ்யாவின் ஆட்சிக்குள் வந்தது. நாம் பேசும் காலத்தில் அங்கே ஏறத்தாழ 200 மாணவர்கள் இருந்தார்கள். கவிஞர் குளோப்ஷ்டாக், மெய்யியலாளர் ஃபிக்டே, வரலாற்றாசிரியர் ராங்கே ஆகியோர் இங்கே படித்தவர்கள். ஒரு முனையை முறுக்கி மறுமுனையோடு ஒட்டிய காகிதப் பட்டையால் இன்று எல்லாப் பள்ளி மாணவர்களும் அறிந்திருக்கும் கணிதவியலாளர் மோபியஸ் இங்கே படித்தவர் மட்டுமல்ல, இந்த வளாகத்திலேயே 1790இல் பிறந்தவர். ஆகவே கணிதம் இந்தப் பள்ளிக்கு அந்நியமான பாடம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது லத்தீன். வாரத்துக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் அதற்குப் போனது. கிரேக்கத்துக்கு 6 மணி நேரம். லத்தீனில் கட்டுரை எழுதவும் செய்யுள் இயற்றவும் தெரியாமல் அங்கிருந்து ஒருவர் வெளியேற முடியாது.

விடுதி வாழ்க்கை மடத்து வாழ்க்கையின் நிழல்தான் என்று சொன்னால் மிகையாகாது. காலை 5 மணிக்கு எல்லாரும் எழுந்தாக வேண்டும். கழுவிக்கொண்டு உடைமாற்றிப் பிரார்த்தனைக்குச் சேர அரை மணி நேரம்கூடக் கிடையாது. இரவு 9 மணிக்குப் படுக்கை. இடையிலுள்ள ஒவ்வொரு மணியும் பாடத்துக்கோ, மேற்பார்வையுடன் கூடிய தனிப் படிப்புக்கோ, சிறிய உலாவுக்கோ ஒதுக்கப்பட்டிருந்தது. இவற்றினிடையே ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது: வாரத்தில் ஒரு நாள் வகுப்பே இல்லை, அன்று சற்றுத் தாமதமாக எழலாம், மாணவர் தாமே தெரிந்தெடுத்ததைப் படிக்கலாம். ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆசிரியர் தம் பொறுப்பில் ஏற்றிருந்தார். அவரைப் பொறுப்பாசிரியர் என்று இங்கே குறிப்பிடுகிறேன். மூத்த மாணவர்கள் இளையவர்களைக் கண்காணித்தார்கள். ஒழுக்க மீறல்களை ஆசிரியர் மன்றம் கூடி விசாரித்தது. தண்டனைகளுள் கடுமையானவற்றில் ஒன்று தனியறைக் காவல்.

பின்னணி: மாணவர்

மாணவர் சேர்ந்தபோது 14 வயது நிறையவில்லை. சில நாள்களே குறைவு. ஊர்ப்புற லூத்தரன் போதகரின் மகன். ஐந்து வயது நிறையும் முன்னரே தந்தை மூளை நோயால் இறந்துவிட, தாயும் தங்கையும் பாட்டியும் அத்தைமாரும் சூழ்ந்த வீட்டில் நவும்பர்க்கில் வளர்ந்தார். நகரப் பள்ளியில் அவருடைய திறமை கண்டு ஷூல்ஃபோர்ட்டாவில் கட்டணமில்லாத இடம் ஒன்று அளிக்கப்பட்டது. கைம்பெண்ணின் வருவாயில் வாழ்ந்த குடும்பம் அதை மறுக்கும் நிலையில் இல்லை. மகனைப் பிரிய வேண்டியிருந்தது தாய்க்கு எளிதாக இருந்திருக்காது. பள்ளி வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் வீட்டுக்குப் போக முடியாத நிலை மகனுக்கும் அப்படியே.

முதல் ஆண்டு: வீட்டு ஏக்கம்

முதலில் தெரிந்த சிக்கல் படிப்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், பள்ளிக்கும் நகரத்துக்கும் நடுவழியிலுள்ள அல்ம்ரிஷ் என்ற ஊரில் தாயையும் தங்கையையும் சிறிது நேரம் சந்திக்க அவருக்கு அனுமதி இருந்தது. அந்தச் சிறு சந்திப்பு ஏக்கத்தைத் தணித்ததா, ஒவ்வொரு வாரமும் புதுப்பித்ததா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர் தம் துயரத்தைப் பொறுப்பாசிரியரிடம் சொன்னார். சமயப் பாடமும் நடத்திய அந்த ஆசிரியர் கொடுத்த அறிவுரையை மாணவர் 1859ஆம் ஆண்டு நாட்குறிப்பில், மருந்துச் சீட்டைப் போல எண்ணிட்டு எழுதிவைத்திருக்கிறார். உருப்படியாக எதையாவது கற்க வேண்டுமென்றால் எப்போதும் வீட்டிலேயே இருக்க முடியாது. பெற்றோரும் அதை விரும்புவதில்லை. நம் அன்பர்கள் கடவுளின் கையில் இருக்கிறார்கள். முனைந்து உழைத்தால் துயர நினைவுகள் மறையும். எதுவுமே பயனளிக்காவிட்டால் கடவுளிடம் வேண்டிக்கொள். இதுவே அதன் சாரம்.

இன்றைய விடுதிக் காப்பாளர் ஒருவர் இதைப் படித்தால் உதட்டைப் பிதுக்கக்கூடும். ஆனால் நான் இதைக் குறைத்துப் பேச விரும்பவில்லை. மாணவர் தம் அழுகையை ஓர் ஆசிரியரிடம் சொல்ல முடிந்தது. ஆசிரியர் அதைக் கேலி செய்யவில்லை, தண்டிக்கவில்லை, உட்கார்ந்து பதில் சொன்னார். மாணவருக்கு அந்தப் பதில் பாதுகாத்து வைக்கத்தக்கதாக இருந்தது. தந்தையற்ற ஒரு சிறுவனின் வாழ்வில் அந்த ஆசிரியர் பிடித்த இடம் பெரிது. 1861 ஆகஸ்டில் அவர் இறந்துவிட, பொறுப்பு இளவயது ஆசிரியர் ஒருவரிடம் போனது. அடுத்து வரும் சிக்கல்களுள் பெரும்பாலானவை அந்த மாற்றத்துக்குப் பின் நிகழ்ந்தவை; ஒன்றால்தான் மற்றது என்று நான் சொல்லவரவில்லை, ஆனால் கால வரிசை கவனிக்கத்தக்கது.

1860 முதல் 1862 வரை கவனிக்கப்பட்டவை

லத்தீனிலும் ஜெர்மானிலும் சமயப் பாடத்திலும் அவர் வகுப்பின் முன்வரிசைக்கு வந்தார். முதல் மாணவர் என்ற இடமும், அதற்கு உரிய கண்காணிப்புக் கடமைகளும் அவருக்குக் கிடைத்தன. வெளிப்பார்வைக்குப் பள்ளியின் முறை அவரிடம் முழு வெற்றி பெற்றிருந்தது.

அதே காலத்தில் பள்ளிக்குப் புறத்தே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1860 கோடை விடுமுறையில் அவரும் நவும்பர்க்கைச் சேர்ந்த இரண்டு பால்ய நண்பர்களும், ஸாலே ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் ஷோன்பர்க் கோட்டை இடிபாட்டில் ஏறி, ஒரு சிறு கழகத்தைத் தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் ஒரு கவிதையோ கட்டுரையோ இசையமைப்போ படைக்க வேண்டும். மற்றவர்கள் அதைத் திறனாய்வு செய்ய வேண்டும். சந்தாப் பணத்தில் நூல்களும் இசைத்தாள்களும் வாங்க வேண்டும். மூன்று சிறுவர்கள் தாங்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட வீட்டுப்பாடம் இது. அவருடைய உண்மையான ஊக்கம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை எந்த மதிப்பெண் பட்டியலையும் விட இந்தக் கழகமே தெளிவாகக் காட்டுகிறது. ஆசிரியர்களுக்கு இது எந்த அளவு தெரிந்திருந்தாலும், பள்ளியின் நேரப் பட்டியலில் இதற்கு இடம் இல்லை.

1861 அக்டோபரில், தமக்குப் பிடித்த கவிஞரை நண்பர் ஒருவருக்குப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதுமாறு வகுப்பில் கட்டுரைத் தலைப்புத் தரப்பட்டது. மாணவர் ஹோல்டர்லினைத் தேர்ந்தார். வாழ்வின் பிற்பாதி முழுவதையும் மனநோயில் கழித்து 1843இல் இறந்த அந்தக் கவிஞரை அன்று பொருட்படுத்திப் படித்தவர்கள் மிகச் சிலர். ஆசிரியர் நல்ல மதிப்பெண் தந்தார். கூடவே, இதைவிட நலமான, தெளிவான, ஜெர்மானியத் தன்மை மிகுந்த ஒரு கவிஞரை நாடும்படி அன்பாக அறிவுறுத்தினார். இந்தக் குறிப்பை எடுத்துக்காட்டி ஆசிரியரை நகையாடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாம் ஏற்காத தேர்வுக்கும் நேர்மையாக மதிப்பெண் போட்டவர் அவர். அவர் தவறவிட்டது வேறொன்று: அந்தக் கட்டுரையின் பெரும்பகுதி ஒரு சிறிய வாழ்க்கை வரலாற்று நூலிலிருந்து எடுத்தாளப்பட்டது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கவிஞரின் மனநலத்தைப் பற்றிக் கவலைப்பட்ட ஆசிரியர், மாணவரின் எழுத்து எவ்வளவு அவருடையது என்று கேட்டிருந்தால் இன்னும் பயனுள்ள உரையாடல் ஒன்று நடந்திருக்கும்.

உடல்நிலையும் குறிக்கத்தக்கது. தலைவலி, கண் எரிச்சல், சளி, மூட்டுவலி என்று நோயர் பதிவேட்டில் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. 1861இன் தொடக்கத்திலும் 1862 ஆகஸ்டிலும் தேறிவர வீட்டுக்கே அனுப்பப்பட்டார். பள்ளி மருத்துவர் 1862இல் எழுதிய குறிப்பு சுருக்கமானது, ஆனால் கூர்மையானது: கட்டான உடல், குறிப்பாகத் தெரியும் வெறித்த பார்வை, கிட்டப்பார்வை, இடம் மாறி வரும் தலைவலி, தந்தை இளவயதில் மூளை நோயால் இறந்தவர். மருத்துவர் ஆபத்தின் சாத்தியத்தை உணர்ந்திருந்தார் என்பது தெளிவு. எனினும் விளக்குகள் மங்கலாக எரியும் கூடங்களில் விடியற்காலை முதல் நுண்ணெழுத்துக் கிரேக்கம் படிக்கும் நேரப் பட்டியல் கிட்டப்பார்வையுள்ள பிள்ளைக்கும் மாறவில்லை.

இரண்டு தண்டனைகள்

அந்த மங்கலான விளக்குகளே முதல் தண்டனைக்கும் காரணமாயின. 1862 நவம்பரில் வாரப் பொறுப்பாளராக இருந்த அவர், படுக்கையறைகளிலும் கூடங்களிலும் பழுதுபார்க்க வேண்டியவற்றை எழுதித் தர வேண்டியிருந்தது. அவர் அதை நகைச்சுவையாக எழுதினார். ஒரு கூடத்தில் விளக்குகள் எவ்வளவு மங்கலாக எரிகின்றன என்றால், மாணவர்கள் தங்கள் அறிவொளியையே ஏற்றிவைக்க ஆசைப்படுகிறார்கள்; புதிதாக வண்ணம் பூசிய இருக்கைகள் தம்மேல் அமர்பவர்களிடம் அளவுக்கு மீறிய பற்றுக் காட்டுகின்றன. இந்தப் பாணியில் இருந்தது அறிக்கை. ஆசிரியர் மன்றம் அவரை அழைத்து, மூன்று மணி நேரத் தனியறைக் காவலும் சில உலாக்களின் இழப்பும் விதித்தது. அறிக்கையில் சொன்ன குறைகள் உண்மையா என்ற கேள்வி மன்றத்தில் பெரிதாக எழுந்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது, 1863 ஏப்ரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருகிலுள்ள கோசன் ரயில் நிலையத்தில் அவரும் இன்னொரு மாணவரும் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு குவளை பியர் குடித்தார்கள். திரும்பும்போது ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டார்கள். மன்றம் கூடியது, முதல் மாணவர் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறக்கப்பட்டார், ஞாயிறு உலாவில் ஒரு மணி நேரமும் பறிக்கப்பட்டது. அவர் தாய்க்கு எழுதிய கடிதத்தில் சாக்குப்போக்கு எதுவும் இல்லை: எவ்வளவு குடித்தால் தாங்கும் என்று தெரியவில்லை, அன்று சற்றுக் கிளர்ச்சியாக இருந்தேன், விரைவில் கடுமையாக எழுதுங்கள், அதற்கு நான் தகுதியானவன்தான் என்றார்.

இவ்விரு முடிவுகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இரண்டாவது தண்டனை குற்றத்தோடு நேராகப் பொருந்தியது. இளையவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர் அந்தப் பொறுப்பைத் தவறவிட்டார், பொறுப்பு பறிபோனது. தண்டனை பெற்றவரே அதை நியாயம் என்று ஏற்றார். முதல் தண்டனையோ தொனிக்கு விதிக்கப்பட்டது. கட்டுரைப் பயிற்சியில் பள்ளி வளர்க்க விரும்பிய அதே சொல்வளம், பழுதுபார்ப்புப் பட்டியலில் தலைகாட்டியபோது குற்றமாகிவிட்டது.

1864: தேர்வுக் குழுவின் முடிவு

இறுதி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் தாமே தேர்ந்த பொருளில் பெரிய கட்டுரை ஒன்று எழுத வேண்டும். அவர் மெகாராவைச் சேர்ந்த கிரேக்கக் கவிஞர் தியோக்னிஸைப் பற்றி லத்தீனில் எழுதினார். கையெழுத்துப் படிகளின் வரலாறு, எந்த அடிகள் கவிஞருடையவை, எவை பிற்காலச் செருகல் என்று பல்கலைக்கழக ஆய்வாளர் கேட்கும் கேள்விகளை அதில் கேட்டிருந்தார்.

கணிதத்தில் நிலை வேறு. வெளியேறும் சான்றிதழின் வாசகம் மறைக்காமல் சொல்கிறது: கணிதத்தில் அவர் ஒருபோதும் ஒழுங்கான முயற்சி காட்டவில்லை, எழுத்திலும் வாய்மொழியிலும் பின்னடைந்துகொண்டே வந்தார், எனவே போதுமானது என்றுகூட அவருடைய தேர்ச்சியைச் சொல்ல முடியாது. கணித ஆசிரியர் அவரைத் தேறியவராக ஏற்க மறுத்தார். உடன் படித்த ஒருவர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பின்படி, அப்போது மொழிப்பாட ஆசிரியர் ஒருவர் எழுந்து, நான் இங்கே இருக்கும் காலத்தில் இந்தப் பள்ளி பெற்ற மிகத் திறமையான மாணவரைத் தோல்வியுறச் செய்ய விரும்புகிறீர்களா என்று கேட்டார். அந்தச் சொற்கள் அப்படியே சொல்லப்பட்டனவா என்பதைவிட, முடிவு எப்படிப் பதிவானது என்பதே முக்கியம். ஜெர்மானிலும் லத்தீனிலும் காட்டிய மிகச் சிறந்த தேர்ச்சி கணிதக் குறையை ஈடுசெய்கிறது என்று சான்றிதழில் எழுதி, அவரைத் தேறியவராக அறிவித்தார்கள்.

இம்முடிவில் நான் மதிப்பது அதன் வெளிப்படைத்தன்மையை. கணிதத்துக்கு ஒரு கௌரவ மதிப்பெண் போட்டுக் கோப்பை மூடியிருக்கலாம். எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான் அது. அவர்கள் தோல்வியைத் தோல்வி என்றே எழுதி, அதை எது ஈடுகட்டியது என்பதையும் அடுத்த வரியில் எழுதினார்கள். கணித ஆசிரியரின் மறுப்பும் தன்னளவில் சரியே. தாம் கற்பித்த பாடம் கற்கப்படவில்லை என்று அவர் சான்று கூறினார், அந்தச் சான்று அழிக்கப்படவில்லை.

பின்னர் நிகழ்ந்தவை

1864 செப்டம்பரில் வெளியேறிய அவர், அக்டோபரில் பான் பல்கலைக்கழகத்தில் இறையியலும் மொழியியலும் படிக்கச் சேர்ந்து, விரைவில் இறையியலைக் கைவிட்டார். தியோக்னிஸ் பற்றிய பள்ளிக் கட்டுரை விரிவாக்கப்பட்டு 1867இல் ஜெர்மனியின் முதன்மையான செவ்வியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. 1869இல், 24 வயதில், முனைவர் பட்டம் பெறும் முன்னரே பாசல் பல்கலைக்கழகம் அவரைச் செவ்வியல் மொழியியல் பேராசிரியராக அழைத்தது. ஆக, குழு நம்பி விட்ட துறையில் அவர் ஐந்தே ஆண்டுகளில் அந்த நம்பிக்கையை மெய்ப்பித்தார். அதற்கும் பின் வந்த புகழும், அவருடைய தலைவலிகளும், அந்தப் பணியை அவர் துறந்ததும் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளவை.

பள்ளியைப் பற்றி அவர் இரு வேறு சாட்சியங்கள் விட்டுச்சென்றார். 20 வயதுகளின் நடுவில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், ஒரே சீரான சட்டத்திடமிருந்து தம் சொந்த நாட்டங்களைக் காப்பாற்றிக்கொண்டு, கலைகளை மறைவாக வழிபட்டு வாழ்ந்ததாகச் சொன்னார். 1888இல், வாழ்வின் கடைசி எழுத்துக் காலத்தில், உரிய பருவத்தில் நல்ல பள்ளியின் கடும் பயிற்சியைப் பெறத் தவறியவர் அந்த இழப்பை எப்படி ஈடுசெய்ய முடியும் என்று தமக்குத் தெரியவில்லை என்று எழுதினார். ஒன்றை மெய்யென்று கொண்டு மற்றதைத் தள்ளுவதற்கு நான் காரணம் எதையும் காணவில்லை. பள்ளி அவருக்குக் கொடுத்ததும், பள்ளிக்குத் தெரியாமல் அவர் எடுத்துக்கொண்டதும் சேர்ந்துதான் அந்தத் தியோக்னிஸ் கட்டுரை உருவானது.

மாற வேண்டியிருந்தவை

கணிதக் குறை 1864இல் திடீரென்று தோன்றியதல்ல. பின்னடைந்துகொண்டே வந்தார் என்று சான்றிதழே சொல்கிறது. அப்படியானால் அதைக் காண்பதற்கு ஆசிரியர்களுக்குப் பல ஆண்டுகள் இருந்தன. தேர்வு மேசையில் நடந்த வாக்குவாதம், பொறுப்பாசிரியர் மாறிய 1861ஆம் ஆண்டை ஒட்டியே, மூன்று பேர் உட்கார்ந்து பேசும் சிறு கலந்துரையாடலாக நடந்திருக்க வேண்டும்: மாணவர், புதிய பொறுப்பாசிரியர், கணித ஆசிரியர். முதல் இடத்தில் இருக்கும் மாணவர் என்பதாலேயே அவரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை என்பது என் ஊகம். விடுதிகளில் கடைசி இருக்கைக்காரரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

பொறுப்பாசிரியர் இறந்தபோது பொறுப்பு ஒரு நிர்வாக மாற்றமாகக் கை மாறியது. 16 வயதில் இரண்டாவது முறையாகத் தந்தை நிலையில் இருந்த ஒருவரை இழந்த பிள்ளைக்கு அதைவிட அதிகமாகத் தேவைப்பட்டிருக்கும். மருத்துவரின் குறிப்பும் நோயர் பதிவேட்டோடு நின்றுவிடாமல் நேரப் பட்டியல் போடுபவரின் கைக்குப் போயிருக்க வேண்டும். குறைந்தபட்சம், மூன்று மணி நேரக் காவல் விதிக்கும் முன் யாராவது போய் அந்த விளக்குகளைப் பார்த்திருக்கலாம்.

தேர்வு முடிவைப் பொறுத்தவரை, அன்று அவர்களுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்க்கும்போதும் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். என்னை உறுத்துவது அதன் மறுபக்கம். அதே ஆண்டில், மோபியஸைப் போன்ற கணிதக் கூர்மையோடு, ஆனால் லத்தீனில் ஒரு பத்தி பிழையின்றி எழுத வராத ஒரு பிள்ளை அந்த மேசையின் முன் நின்றிருந்தால், அவருக்காக எழுந்து பேச எவரேனும் இருந்திருப்பாரா? வாரத்துக்கு 10 மணி நேரம் லத்தீன் நடத்திய பள்ளியில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இன்று அதே மடத்து வளாகத்தில், சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் அரசுப் பள்ளியாக, ஆணும் பெண்ணும் தங்கிப் படிக்கும் ஷூல்ஃபோர்ட்டாவில் சேர வருபவர் மொழி, இசை, இயற்கை அறிவியல் என்ற மூன்று பிரிவுகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரிய நுழைவுத் தேர்வுக்கு உட்கார வேண்டும்.